தானே ஆடும் ஊஞ்சல்

ஊஞ்சல் நமக்குப் புதிய பொருளன்று. பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஊசல் ஒரு பருவம். மணமக்களை ஊஞ்சலில் இருத்திப் பாடுவது இன்றும் பல குடும்பங்களில் உள்ள வழக்கம். கோயில்களில் தெய்வத்துக்கும் ஊஞ்சல் உற்சவம் உண்டு. பிறந்த குழந்தைக்குத் தூளி, வளர்ந்த பிள்ளைக்கு மரக்கிளையில் கயிறு, முதியவர்க்குக் கூடத்து ஊஞ்சற்பலகை என்று நம் வாழ்நாள் முழுவதும் ஊஞ்சல் நம்மோடு வருகிறது. ஆயினும் இவற்றுள் ஒரு வேற்றுமை உண்டு. தூளியைப் பிறர் ஆட்ட வேண்டும். மரக்கிளை ஊஞ்சலைப் பிள்ளை தானே ஆட்டிக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதை நான் அறிந்துகொண்டது என் அறுபத்தெட்டாம் வயதில். அதைக் கற்பித்தவர்கள் எங்கள் தெருவில் வாழும் ஓர் அக்காளும் தம்பியும்.

நான் இருப்பது புழல். மாலையில் ஏரிக்கரைப் பக்கம் சிறிது தூரம் நடப்பது என் வழக்கம். இயற்பியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், தெருப்பிள்ளைகள் பள்ளிக் கண்காட்சிக்கு எதையேனும் செய்ய வேண்டுமாயின் என்னிடம் வருவார்கள். சென்ற ஆண்டு அவ்வாறு வந்தவள் பதினோராம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண். அவள் கையில் ஒரு படம் இருந்தது. ஊஞ்சலின் மேல்சட்டத்தில் ஒரு டைனமோ. அது தரும் மின்சாரத்தால் ஒரு மோட்டார். அம்மோட்டார் ஊஞ்சலை ஆட்டும். ஊஞ்சல் டைனமோவைச் சுழற்றும்.

“தாத்தா, ஒருமுறை தள்ளிவிட்டால் போதும். இது நிற்காமல் ஆடும்” என்றாள்.

“கண்காட்சிக்கா?” என்று கேட்டேன்.

“இல்லை, தம்பிக்கு” என்றாள்.

அவளுடைய தம்பிக்கு வயது ஒன்பது. பிறவியிலேயே கால்கள் வலுவற்றவன். கைகளால் சட்டத்தைப் பற்றிக்கொள்ளலாம். பற்றித் தள்ளும் வலு இல்லை. பூங்காவில் அவனை ஊஞ்சலில் அமர்த்தினால் யாராவது தள்ள வேண்டும். தள்ளுகிறவர் ஓய்ந்தால் ஊஞ்சலும் ஓயும். மற்றப் பிள்ளைகள் தாமே உந்தி உந்தி வானளாவுவதை அவன் பார்த்துக்கொண்டிருப்பான். இதனால்தான் அவளுக்குத் ‘தானே ஆடும் ஊஞ்சல்’ வேண்டியிருந்தது.

அவள் காட்டிய படம் நடவாது என்பதை அவளுக்குச் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது என்று எண்ணியவாறே ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றேன்.

புழல் ஏரி நிறைந்தால் ஏறத்தாழ 21 அடி ஆழம். 330 கோடி கன அடி நீர் நிற்கும். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளுள் இது ஒன்று. ஏரிக்கு வரவு உண்டு, செலவும் உண்டு. மழையும் கால்வாயும் வரவு. குடிநீருக்கு எடுப்பதும், வெயில் குடிப்பதும், மண் குடிப்பதும் செலவு. வரவு மிகுந்தால் மட்டம் ஏறும். செலவு மிகுந்தால் இறங்கும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் வரவு பொய்த்தது. ஏரி வறண்டு தரை தெரிந்தது. ஏரியிலிருந்தே ஒரு குடம் மொண்டு ஏரியிலேயே ஊற்றி அதன் மட்டத்தை உயர்த்த முடியுமா? மொண்டு ஊற்றும்போது சிந்துவது வேறு நட்டம்.

ஊஞ்சலும் ஓர் ஏரியே. அதில் நிற்பது சக்தி. ஒவ்வோர் ஆட்டத்திலும் காற்று சிறிது குடிக்கிறது. கொக்கியின் உராய்வு சிறிது குடிக்கிறது. டைனமோ என்பது ஊஞ்சலிலிருந்து மொள்ளும் குடம். மோட்டார் திரும்ப ஊற்றும் குடம். இரண்டும் வழியில் சிந்துகின்றன. ஆகவே டைனமோ பூட்டிய ஊஞ்சல் பூட்டாத ஊஞ்சலைவிட விரைவில் நிற்கும்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “அப்படியானால் மற்றப் பிள்ளைகள் உந்தும்போது சக்தி எங்கிருந்து வருகிறது? அவர்களை யாரும் தள்ளவில்லையே” என்று கேட்டாள்.

இது நல்ல கேள்வி. விடை, அவர்கள் உண்ட சோற்றிலிருந்து என்பதே. ஆனால் அச்சக்தி ஊஞ்சலுக்குள் நுழையும் வழி வியப்பானது. நின்றாடும் பிள்ளையைக் கவனியுங்கள். ஊஞ்சல் அடிப்புள்ளியைக் கடக்கும்போது எழுந்து நிற்பான். இரு கோடிகளிலும் உட்காருவான். அடிப்புள்ளியில் வேகம் மிகுதி. வளைவில் விரைவதால் உடல் வழக்கத்தைவிடக் கனக்கும். அக்கனத்தோடு எழுவதற்கு உழைப்பு அதிகம். கோடியில் வேகம் இல்லை, கனமும் குறைவு. அங்கே அமரும்போது திரும்பப் பெறுவது குறைவு. அதிகமாகக் கொடுத்துக் குறைவாகப் பெறுகிறான் அல்லவா? அந்த மிச்சம் ஊஞ்சலின் கணக்கில் வரவாகிறது.

இவ்வித்தையை ஆராய்ந்தவர்களுள் நம்மவர் ஒருவரும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. இராமன் அரசாங்க நிதித்துறையில் அலுவலராக இருந்துகொண்டே, கல்கத்தாவில் ஓய்வு நேரங்களில் அதிர்வுகளை ஆராய்ந்தார். அதிர்வுகளை ஓயாமல் நிலைநிறுத்துவது பற்றிய அவருடைய ஆராய்ச்சி 1912-இல் வெளிவந்தது. ஒரு கம்பியைப் பக்கவாட்டில் தொடாமலே, அதன் இழுவிசையை மட்டும் சீராகக் கூட்டியும் குறைத்தும் வந்தால் கம்பி பக்கவாட்டில் அதிரத் தொடங்கி நிலைத்து நிற்கும். கம்பி ஒருமுறை அதிர்வதற்குள் இழுவிசை இருமுறை மாறுவது இதன் எளிய வகை. வேறு சில விகிதங்களிலும் இது நிகழும் என்று இராமன் காட்டினார். ஊஞ்சலில் நிற்கும் பிள்ளையும் ஓர் ஆட்டத்துக்கு இருமுறை எழுகிறான், இருமுறை அமர்கிறான். இராமனின் கம்பியும் இப்பிள்ளையின் ஊஞ்சலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

“தம்பியால் எழவும் அமரவும் முடியாது. அவனுக்குப் பதிலாக ஒரு கனம் எழுந்து அமர்ந்தால் என்ன?” என்றாள் அப்பெண். அன்று கரையிலிருந்து திரும்பும்போது அவள் பழைய படத்தைக் கிழித்துவிட்டாள்.

முதலில் ஒரு மாதிரி செய்தோம். நூலில் கட்டிய இரும்புக் குண்டு. நூல் மேற்பலகையில் உள்ள ஒரு துளை வழியாக ஏறிச் சிறு மோட்டாரின் கையில் முடிந்திருந்தது. மோட்டார் நூலை 2 சென்டிமீட்டர் மேலே இழுக்கும், பின்பு இறக்கும். நூலின் நீளம் 99 சென்டிமீட்டர். இந்நீளத்துக்கு ஒரு கதை உண்டு. சென்னை வான்நோக்கு நிலையத்தில் ஜான் கோல்டிங்காம் என்பவர் 1821-இல் நொடி ஊசலின் நீளத்தை அளந்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சரியாக ஒரு நொடியில் செல்லும் ஊசல், சென்னையில் 39 அங்குலத்துக்குச் சற்றே மிகுதி. இலண்டனில் அது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு மேலும் நீளம். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் புவியீர்ப்பு சிறிதளவு குறைவதே காரணம். இலண்டனில் சரியாக ஓடும் ஊசற்கடிகாரம் சென்னையில் நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும்.

மோட்டாரை ஏவுவதற்கு மைக்ரோகன்ட்ரோலர் என்னும் நுண்கட்டுப்படுத்தியைப் பயன்படுத்தினோம். இது ஒரு சில்லுக்குள் அடங்கிய சிறு கணிப்பொறி. 2005-இல் இத்தாலியில் மாணவர்களுக்கென்று தோன்றிய அர்டுயினோ பலகையில் இதைப் பொருத்தி விற்கிறார்கள். நம் ரிச்சி தெருவில் கிடைக்கும். நொடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் துடிப்பு இதற்கு. இவ்வளவு வேகமானது ஓர் ஊஞ்சலைக் காப்பதா என்று நான் நினைத்தேன். யானையைக் கொண்டு பூக்குடலை சுமக்கச் செய்வது போலல்லவா!

ஆனால் முதல் சோதனையிலேயே பாடம் கிடைத்தது. ஊசலின் கால அளவு தெரிந்ததுதானே என்று, அந்தக் கணக்குப்படி மட்டும் இழுத்து இறக்குமாறு கட்டளை எழுதினாள். குண்டை 30 பாகை விலக்கி விட்டோம். சில ஆட்டங்கள் நன்றாக நடந்தன. பதினைந்து ஆட்டங்களுக்குள் ஊசல் தளர்ந்தது. ஏதோ கண்காணாத கை பிடித்து நிறுத்துவது போல அடங்கிவிட்டது. மோட்டார் மட்டும் முன்போலவே இழுத்துக்கொண்டிருந்தது.

காரணத்தை இருவரும் தாளில் கணக்கிட்டுக் கண்டோம். வீச்சு பெரிதானால் ஊசல் ஓர் ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் சிறிது நீளும். 30 பாகை வீச்சில் அது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஆயினும் ஒவ்வோர் ஆட்டத்திலும் அவ்வளவு பிசகு சேர்ந்தால், பதினைந்து ஆட்டங்களில் கால் ஆட்டம் பிசகிவிடும். அப்போது அடிப்புள்ளியில் எழவேண்டிய குண்டு கோடியில் எழுகிறது. கோடியில் இறங்கவேண்டியது அடிப்புள்ளியில் இறங்குகிறது. வரவு செலவாக மாறிவிடுகிறது. அதே மோட்டார், அதே இழுப்பு. ஊஞ்சலை வளர்த்ததும் அதுவே, நிறுத்தியதும் அதுவே. வலிமை மாறவில்லை. வேளைதான் மாறியது.

ஆகவே கடிகாரத்தை நம்பாமல் ஊசலையே கேட்க வேண்டும். குண்டின் அடியில் ஒரு சிறு காந்தம் ஒட்டினோம். கீழ்ப்பலகையில் காந்தத்தை உணரும் ஓர் உணர்வி. எட்வின் ஹால் 1879-இல் கண்ட விளைவின்படி வேலை செய்வதால் இதற்கு ஹால் உணர்வி என்று பெயர். குண்டு அடிப்புள்ளியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் சில்லுக்குச் செய்தி போகும். செய்தி வந்ததும் நூலை இழு. முந்திய இரு செய்திகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் பாதி சென்றதும் இறக்கு. கட்டளை இவ்வளவே. கணக்குப்படி வீச்சு ஒவ்வொரு கடப்புக்கும் நூற்றுக்கு மூன்று பங்கு வளர வேண்டும். உராய்வை விட்டால் பன்னிரண்டு ஆட்டங்களில் இரட்டிக்க வேண்டும். உராய்வு இருந்ததால் சிறிது கூடுதலாயிற்று. ஆனால் வளர்ந்தது. ஓரளவுக்குப் பின் வளர்ச்சி நின்று, அவ்வளவிலேயே நிலைத்தது. வீச்சு பெருகப் பெருகக் காற்று குடிப்பதும் பெருகுகிறது. வரவும் செலவும் ஒத்த இடத்தில் ஏரி நிற்கிறது.

இன்னொன்றும் கண்டோம். அசையாமல் தொங்கும் குண்டை எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் அது ஆடத் தொடங்கவில்லை. இருப்பதைப் பெருக்கும் வித்தையே இது; இல்லாததை உண்டாக்காது. முதல் தள்ளு வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

பிறகு பெரிய ஊஞ்சல். மாதவரத்தில் ஒரு பட்டறையில் குழாய்ச் சட்டம் வெல்டிங் செய்தோம். கயிற்றுக்குப் பதில் 2 மீட்டர் இரும்புத் தண்டுகள், மேலே பேரிங்குகள். சாய்வும் இடைவாரும் உள்ள இருக்கை. அதன் அடியில் நான்கு புறமும் மூடிய மரப்பெட்டி. பெட்டிக்குள் 10 கிலோ கனம் 20 சென்டிமீட்டர் ஏறி இறங்கும். அக்கனத்தில் பாதிக்கு மேல் காயலான் கடை இரும்பு. மீதி, மோட்டாரை ஓட்டும் 12 வோல்ட் பாட்டரியே. மோட்டார், புதுப்பேட்டையில் வாங்கிய பழைய கார் வைப்பர் மோட்டார். மழைத்துளியைத் துடைப்பதற்குப் பிறந்த அம்மோட்டாரில் ஒரு நல்ல குணம் உண்டு. நிறுத்தினால் நின்ற இடத்தில் நிற்காது. ஒரு சுற்றை முடித்துத் தன் பழைய இடத்துக்கு வந்தே நிற்கும். ஒரு கட்டளைக்கு ஒரு சுற்று. ஒரு சுற்றில் கனம் ஏறி இறங்கிவிடும். 2 மீட்டர் ஊஞ்சல் ஓர் ஆட்டத்துக்கு 2.8 நொடி எடுக்கும். அதற்குள் மோட்டார் இருமுறை சுற்ற வேண்டும். அதன் மெதுவான வேகம் இதற்குப் போதுமானதாக இருந்தது.

சிறுவனை உடனே ஏற்றிவிடவில்லை. அவன் எடைக்கு ஒரு மணல் மூட்டையை இருக்கையில் கட்டி ஒரு வாரம் ஆட்டினோம். ஒரு தண்டு 30 பாகையை எட்டும் இடத்தில் இன்னோர் உணர்வி வைத்தோம். அதைத் தொட்டால் சில்லு மோட்டாரை ஓயவைத்துவிடும். கைக்கெட்டும் இடத்தில் சிவப்பு விசை ஒன்றும் உண்டு. அது சில்லைக் கேளாமலே மின்சாரத்தைத் துண்டிக்கும். இயந்திரம் எவ்வளவு அறிவுடையதாயினும் அதை நிறுத்தும் விசை அதனிடம் இருக்கலாகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனை அமர்த்தினோம். அக்காள் ஒருமுறை தள்ளினாள், விலகி நின்றாள். பெட்டிக்குள் கனம் ஏறி இறங்கும் ஓசை கேட்டது. ஊஞ்சல் வளர்ந்தது. தள்ளுவார் யாருமின்றி ஐந்து நிமிடம் ஆடிற்று. நாங்கள் கை தட்டினோம். சிறுவனும் சிரித்தான். ஆனால் இறங்கியபின் அவன் கேட்ட கேள்வி எங்கள் கைதட்டலை நிறுத்திவிட்டது.

“இதை நான் ஆட்டவில்லையே, அக்கா. அது ஆட்டுகிறது” என்றான்.

உண்மைதான். மனிதர் தள்ளியதற்குப் பதில் சில்லு தள்ளியது. அவன் தூளியிலேயே இருந்தான். ஆட்டும் கைதான் மாறியிருந்தது. ‘தானே ஆடும் ஊஞ்சல்’ என்று நாங்கள் பெயர் வைத்தபோது, தானே என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்று நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் அக்காள் கட்டளையை மாற்றி எழுதினாள். அடிப்புள்ளி உணர்வியிடமிருந்து மோட்டாரை ஏவும் அதிகாரத்தைப் பறித்தாள். பெரிய பொத்தான் ஒன்றை அவன் வலக்கையருகே பொருத்தினாள். ஓர் அழுத்தத்துக்கு ஒரு சுற்று. எப்போது அழுத்துவது என்பது அவன் பொறுப்பு. 30 பாகைக் காவலும் சிவப்பு விசையும் மட்டும் பழையபடி.

முதல் நாள் ஊஞ்சல் நின்றுபோயிற்று. அடிப்புள்ளியில் கனம் எழவேண்டும் என்று அவனுக்குச் சொல்லியிருந்தோம். அவன் அடிப்புள்ளியைக் கண்டதும் அழுத்தினான். மோட்டார் விழித்துக் கனத்தைத் தூக்குவதற்குள் ஊஞ்சல் கோடியை நெருங்கிவிட்டது. அழுத்த அழுத்தத் தளர்ந்தது. அக்காள் மனம் பொறுக்காமல், “பழையபடி மாற்றிவிடட்டுமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம் அக்கா, இன்னொரு தடவை தள்ளிவிடு” என்றான்.

அவ்வாறு எத்தனை தடவை தள்ளினாள் என்று நான் எண்ணவில்லை. நாலைந்து நாட்கள் கடந்தன. ஒரு மாலை நான் கரையிலிருந்து திரும்பும்போது பெட்டியின் ஓசை சீராகக் கேட்டது. உள்ளே சென்று பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கோடியிலிருந்து இறங்கி அடிப்புள்ளிக்குப் பாதி வழி வரும்போது அவன் விரல் அழுந்திற்று. மோட்டாரின் தாமதத்தை அவன் உடலே கணக்கிட்டுவிட்டது. நாங்கள் தாளில் எழுதிய கணக்கும் அதுவே. ஆனால் அவன் அத்தாளைப் பார்த்தவனல்லன். ஊஞ்சல் 30 பாகையைத் தொட்டது; காவல் உணர்வி மோட்டாரை நிறுத்திற்று; வீச்சு சிறிது குறைந்ததும் அவன் மீண்டும் தொடங்கினான். பிறகு, வேண்டுமென்றே வேளை தவறி அழுத்தி, ஊஞ்சலைத் தானே தளர்த்தி நிறுத்தினான். ஆட்டக் கற்றவன் நிறுத்தவும் கற்றுவிட்டான்.

இவ்வூஞ்சல் இலவச சக்தியால் ஓடுவதன்று. பாட்டரியை வீட்டு மின்சாரத்தில் ஏற்ற வேண்டும். ஒருமுறை ஏற்றினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வரும். ஏரிக்கு மழை போல இதற்கு அதுவே வரவு. தானே சக்தி உண்டாக்கும் பொறி என்று யாரேனும் உங்களிடம் விற்க வந்தால், வரவு எங்கிருந்து என்று கேளுங்கள். இதைச் செய்ய விரும்பும் மாணவர்கள் முதலில் நூலும் குண்டும் கொண்டு மாதிரியைச் செய்யட்டும். பெரியதை, பெரியவர் ஒருவர் உடனிருக்க, மணல் மூட்டையோடு சோதிக்காமல் எவரையும் ஏற்ற வேண்டாம்.

பள்ளிக் கண்காட்சிக்கு அப்பெண் மாதிரியை மட்டுமே எடுத்துச் சென்றாள். பெரிய ஊஞ்சலைக் கேட்டார்கள். தம்பி தரமாட்டேன் என்றுவிட்டான். இன்றும் மாலைவேளைகளில் அவள் அவனை அமர்த்தி, இடைவாரைப் பூட்டி, ஒருமுறை தள்ளிவிட்டுத் தன் பாடத்தைப் படிக்க உட்கார்ந்துவிடுகிறாள். அந்த முதல் தள்ளு மட்டும் அவளுடையது. மற்றதெல்லாம் அவனுடையது.